ஐந்தருவியில் அட்டென்டன்ஸ்

புலியை எதிரே பார்த்தால்கூட எங்கள் 'அட்டென்டன்ஸ் அண்ணாச்சி' நின்று நலம் விசாரித்திருப்பார். மூன்று மனிதர்கள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து தன்னைப் பார்த்தால் மட்டும் அவருக்குப் பேச்சே வராது. ஆராய்ச்சி செய்கிற காலத்தில் லேப் வகுப்பும் எடுத்தால் என்ன லாபம் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் இவர் கதையைத்தான் சொல்வது.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் பிஎச்.டி. மாணவர்கள். குற்றாலத்துப் பாறைகளில் வளரும் பாசிதான் அவருடைய ஆராய்ச்சி. பாசியிடம் மணிக்கணக்கில் பேசுவார். துறைக் கருத்தரங்கில் மேடையேறியவர், 'வணக்கம்' என்பதில் 'வ' வரைக்கும் வந்துவிட்டு இறங்கிவிட்டார்.

கைடு மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். ஆய்வேடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் எல்லோர் முன்னாலும் வாயைத் திறந்தால்தானே டாக்டர் பட்டம்? முதலாண்டுப் பிள்ளைகளுக்கு லேப் எடுக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டார். அண்ணாச்சி கெஞ்சியதால் துணைக்கு நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

அன்று ஒரு மணி நேரமும் அவர் வருகைப் பதிவேட்டை மட்டுமே வாசித்தார். அறுபத்திரண்டு பெயர்கள், மூன்று முறை. மூன்றாவது முறை முடிந்தபோது, "ஏலே, மைக்ராஸ்கோப்ப இப்பிடியா பிடிப்பாவ?" என்று ஒரு முழு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. பெயர்களை வாசித்தால் பேச்சு வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அதன்பிறகு கேன்டீனில் டீ கேட்கக்கூடப் பதிவேடு கையில் இருக்க வேண்டும்.

ஆனால் பொய் ஆஜர் மட்டும் போடவே மாட்டார். வராதவனை வந்தான் என்று எழுதுகிறவன் எப்படி ஆராய்ச்சி செய்வான் என்பார்.

குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் பாதி வகுப்பு அருவியில் குளிக்கப் போய்க் காணாமல் போனது. அண்ணாச்சி பதிவேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்கே போய்விட்டார். பிள்ளைகள் வந்து சொன்ன கதை இது: அருவிச் சத்தத்தை மீறி ஒவ்வொரு பெயராகக் கத்தினார். எண்ணெய் வழியும் தலைகள் தண்ணீருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து "பிரசன்ட் சார்" என்றன. துபாயிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு கடையநல்லூர்க்காரர், கத்திய பெயர்களில் ஒன்று தன் பெயராகவும் இருந்ததால் பயந்துபோய்க் கையைத் தூக்கினார். அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அண்ணாச்சி 'ஆப்சென்ட்' என்று எழுதிக்கொண்டார். பிறகு அங்கேயே பாறையைக் காட்டிப் பாடம். பாசி ஏன் ஒரு பக்கம் மட்டும் வளர்கிறது என்று ஒரு மாணவன் கேட்க, பதில் தெரியாமல் ஒரு வாரம் அலைந்தார். கடைசியில் கண்டுபிடித்த பதில்தான் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் ஆனது.

வைவா அன்று பதற்றத்தில் பதிவேட்டை லேபிலேயே விட்டுவிட்டார். முன்னால் வெளியூரிலிருந்து வந்த நரைத்த தலைத் தேர்வாளர். பின்வரிசைகளில் அண்ணாச்சியின் மாணவர்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேடம் கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து அவர் கையில் திணித்தேன்.

முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார். "பிரசன்ட் சார்" என்று பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. அறுபத்திரண்டாவது பெயருக்கு வந்தபோது அண்ணாச்சியின் குரல் ஐந்தருவியில் கத்திய குரலாகிவிட்டது. அதே வேகத்தில் தேர்வாளர் பக்கம் திரும்பி, "நீ யாருலே புதுசா? ரெக்கார்டு நோட்டு எங்க?" என்றார்.

தேர்வாளர் பாதி எழுந்தேவிட்டார். "நாளைக்குக் கொண்டு வந்துருதேன் சார்" என்றார்.

அரங்கம் சிரித்து ஓய்ந்தபிறகு அண்ணாச்சி ஐம்பது நிமிடம் பாசியைப் பற்றிப் பொழிந்துதள்ளினார். பட்டம் கிடைத்தது. பிள்ளைகள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போக, கீழே விழுந்த பதிவேட்டை நான் எடுத்துப் புரட்டினேன். அறுபத்திரண்டு பெயர்களுக்குக் கீழே பென்சிலில் என் பெயர். முதல் நாளுக்குப் பிறகு நான் அந்த வகுப்புப் பக்கமே போனதில்லை. ஒரு நாள் விடாமல் எனக்கு ஆஜர் போட்டிருந்தார்.

ஏன் என்று கேட்டேன். "நீ அங்கன இருக்கேன்னு நெனச்சுத்தாம்லே தெனமும் வாயத் தொறந்தேன்" என்றார்.

அந்தப் பதிவேட்டைக் கல்லூரி அலுவலகம் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நான் கொடுப்பதாக இல்லை.