ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த கார்

அவசரப்புத்திக்காரன் கையில் பொம்மையைக்கூடக் கொடுக்கக் கூடாது. நான் அந்த ரகம். முப்பத்து நாலு வயதில், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கார் ஒன்றைச் செய்யப் போய், மாமனாரின் பேரைக் கெடுத்தவன்.

துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். ஒட்டிப் பெயிண்ட் அடித்தால் கார். இந்தக் கிறுக்குப் பிடித்த பத்துப் பேர் வாட்ஸ்அப்பில் குழு வைத்திருந்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை போட்டி: காலையில் பெட்டியைப் பிரித்து, இருட்டுவதற்குள் முடித்துப் படம் போட வேண்டும். பரிசெல்லாம் கிடையாது. சும்மா ஜாலிக்கு.

நாங்கள் இருந்தது மாமனார் வீட்டில். அன்றைக்கென்று மாமா கோம்பையில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். கம்பம்மெட்டுக்கு மேலே அவருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம். இரண்டு பறிப்பு அழுகல் நோயில் போய்விட்டது. தப்பித்த மூன்றாவது பறிப்பு மொத்தமும் ஸ்டோரில், அதாவது அடுப்புச் சூட்டில் காய் உலர்த்தும் அறையில், தட்டுத் தட்டாகக் கிடந்தது.

"மாப்ள, அடுப்பு அணையாமப் பாத்துக்கங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

(கடைசி வாக்கியம் தெளிவாகத்தான் இருந்தது.)

மதியத்துக்குள் ஒட்டி, ஸ்பிரே டப்பாவால் பச்சை அடித்தேன். வெளியே சாரல். பெயிண்ட் காயவே இல்லை. குழுவில் ஒருவன் முடித்துப் படமே போட்டுவிட்டான். எனக்கு வெறி ஏறியது. மூட்டை மூட்டையாக ஏலக்காயை உலர்த்தும் அறை, ஒரு காரை உலர்த்தாதா?

தட்டுகளுக்கு நடுவே வைத்தேன். காய்ந்தது. இரண்டாவது பூச்சை அங்கேயே நின்று அடித்தேன். மூன்றாவதையும். சூடு போய்விடாமல் கதவை இறுக்கிச் சாத்தினேன் (பொறுப்பு!). திரும்ப எடுத்தபோது கார்க்கூரை அப்பளமாக நெளிந்திருந்தது. அதற்குத்தான் வருத்தப்பட்டேன். காலையிலிருந்து பெயிண்டை முகர்ந்த மூக்குக்கு வேறெதுவும் தெரியவில்லை.

மறுநாள் மாமாவும் நானும் காயைக் கம்பத்துக்குக் கொண்டுபோனோம். கடையில் வியாபாரி ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"என்னண்ணே, காய்க்குப் பச்சை அடிச்சிருக்கீகளா?"

கடையே திரும்பியது. காய்க்குச் சாயம் ஏற்றுபவர்களை ஆயுசு முழுக்கத் திட்டித் தீர்த்தவர் மாமா.

"யாரப் பாத்துக் கேக்குற?"

"மோந்து பாருங்கண்ணே. புது பீரோ கணக்கா வாடை அடிக்குது."

மாமா ஒரு காயைக் கடித்தார். துப்பினார். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பாதி மலை ஏறிய பிறகுதான் சொன்னேன். மாமா ஜீப்பை ஓரங்கட்டினார்.

"அந்தக் காரு ஓடுமா?"

"ஓடாது மாமா."

"ஏறி உக்காரலாமா?"

"முடியாது மாமா."

"பெறகு?"



அத்தனை காயையும் நானே குழி வெட்டிக் கொட்டினேன். மறுநாள் வியாபாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். "மாமனாருக்காகப் பழிய ஏத்துக்கிறீக. நல்ல மருமகன்" என்று தோளில் தட்டினார். ஒருத்தரும் நம்பவில்லை. நெளிந்த காரைக் காட்டியும் நம்பவில்லை.

வீட்டில் என் மனைவி இன்றும் "ஏலக்காய் டீயா, கார் டீயா?" என்றுதான் கேட்கிறாள். எல்லோரும் சிரிப்பார்கள், மாமாவைத் தவிர.

போன மாதம் மச்சினன் கல்யாணப் பத்திரிகை வைக்க அதே கடைக்குப் போனோம். மாமாவைக் கண்டதும் வியாபாரி உள்ளே பார்த்துக் கத்தினார்: "ஏலே, பெயிண்டுக்காரர் வந்திருக்காக, டீ சொல்லு!"

மாமா என் பக்கம் திரும்பினார்.

"போங்க மாப்ள, உங்களத்தான் கூப்பிடுறாக."