லாபத்தில் முடியாத படிக்கட்டு

அன்னவாசலில் வீடு கட்டும் எவனும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஆண்டவன் ஒரு மனிதரைப் படைத்து எங்கள் தெருவில் குடிவைத்திருக்கிறான். பெயர் லாபம். பெற்றவர்கள் வேறு ஏதாவது வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படியை லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம் என்று எண்ணிக்கொண்டே ஏறுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எல்லோரும் கட்டும்போது ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த மனிதர் ஊரில் உள்ள அத்தனை படியையும் எண்ணிக்கொண்டே இருக்கிறார். மளிகைக் கடையை மகனிடம் ஒப்படைத்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. யாராவது கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை.

துக்க வீட்டில்கூட விட மாட்டார். மேலத்தெருவில் ஒரு பெரியவர் காலமானபோது, மாடியில் இருந்த மகனைப் பார்க்க நாலைந்து பேர் ஏறினோம். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு போகிறோம், பின்னால் "லாபம்... நஷ்டம்..." என்று முணுமுணுப்பு. கடைசிப் படியில் நின்று, "அதானே பாத்தேன்!" என்றார், சத்தமாக. செத்துப்போனவருக்குத் தொண்ணூறு வயசுக்கு மேல் ஐயா! அவருக்கு என்ன நஷ்டம்?

படியாவது தேவலாம். சீலிங் ஃபேன் விஷயத்தில் மானமே போய்விடும். பக்கத்து வீட்டுக்காரர் கிரகப்பிரவேசத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கிறது. இவர் ஹால் நடுவில், ஃபேனுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துவிட்டார்.

"நேரா நெஞ்சுக்கு மேல நிக்குதுங்க. இங்கிட்டு ஒரு சாண் தள்ளி மாட்டிருக்கணும்."

கான்கிரீட் இறுகிப்போன பிறகு கொக்கியை எங்கே தள்ளுவது? சாம்பார் வாளியோடு வந்தவர் அவரைத் தாண்டிப் போனார்.

இப்படிப்பட்டவரிடம் நானும் மாட்டினேன். என் மகள் கயல் பிளஸ் டூ படிக்கிறாள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு ஹால். அங்கேதான் டிவி, அங்கேதான் குக்கர் விசில், அங்கேதான் வருகிற போகிற சொந்தக்காரர்கள். காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல்தான் மாடியில் ஒரு அறை கட்டினோம்.

கொத்தனார் படிக்கட்டுக்கு மேல் கூரையிலும் ஒரு கொக்கியை விட்டுவிட்டார். கை தவறுதான். நான் கண்டுகொள்ளவில்லை. லாபம் கண்டுகொண்டார்.

"காலிக் கொக்கி தொங்குனா வீட்டுக்கு ஆகாது தம்பி. ஒரு ஃபேன மாட்டிப்புடுங்க."

"படிக்கட்டுல எவண்ணே ஒக்காந்து காத்து வாங்குவான்?"

"காத்து ஏறி எறங்கட்டுமே!"

என் மனைவி மீனாவுக்கு அவர் சொல்தான் வேதவாக்கு. மாட்டினோம். அந்த ஃபேனைப் போட்டால் கீழே சாமி விளக்கு அணைகிறது. துடைக்கலாம் என்றால் ஏணி வைக்க இடம் இல்லை. ஒட்டடையோடு ஒய்யாரமாகத் தொங்குகிறது.

பரீட்சைக்கு முன்னால் கயல் மாடிக்குப் போக நல்ல நாள் பார்த்தோம். அன்று காலையில்தான் மனிதர் வந்து எண்ணிக்கொண்டே ஏறினார். கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"நஷ்டம்," என்றார்.

கொத்தனார் எங்கேயோ கணக்கை விட்டிருக்கிறார். மீனா கையில் இருந்த பாயைக் கீழே போட்டுவிட்டாள். "எம்புள்ள இந்தப் படியில ஏற மாட்டா. இன்னொரு படி கட்டுங்க."

எங்கே கட்டுவது? அடியில் கட்டினால் வாசல் கதவு திறக்காது. உச்சியில் கட்டினால், கூரை ஏற்கெனவே தாழ்வு, ஏறுகிறவன் தலை நேராக ஃபேனில் போய் நிற்கும்.

"அப்ப ஃபேனக் கழட்டிடலாமாண்ணே?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலிக் கொக்கியா?"

"கொக்கிய அறுத்துடலாம்?"

"கூரையில கத்தி வைக்கிறதா தம்பி?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையே அந்தக் கொக்கியில் மாட்டியிருப்பேன். தானே போட்ட சட்டங்களுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு, ஃபேனையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

அப்போது கயல் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஹாலிலிருந்து வந்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, அப்ப நான் எங்கிட்டுத்தான் போயி படிக்கிறது?"

அவள் கேட்டது அவ்வளவுதான். குரல் உடைந்துவிட்டது. லாபம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

"இரு ஆத்தா. மூச்சு வாங்குனதுல நாந்தேன் தப்பா எண்ணிட்டேன் போல. மறுக்கா பாப்போம்."

மறுபடியும் ஏறினார். மீனா கீழே நின்று விரல் விட்டுக் கூடவே எண்ணினாள், அவர் வாயைப் பார்த்து. நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அவருக்கு ஒரு இருமல் வந்தது. இருமிக்கொண்டே ஒரு படி ஏறினார். அந்தப் படிக்கு வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"லாபம்!" என்றார் உச்சியில் நின்று. தெருவுக்கே கேட்டிருக்கும்.

கயல் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே மீனா பாயோடு போனாள். இறங்கி வந்தவரிடம், "அண்ணே, ஒரு படிய முழுங்கிட்டீங்க," என்றேன்.

அவர் மேலே ஒரு தடவை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"மெதுவாப் பேசுங்க தம்பி. புள்ள படிக்கட்டும். நஷ்டம் வந்தா எந்தலையில வரட்டும்னு வேண்டிக்கிட்டுத்தேன் ஏறுனேன். வாரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் இதையெல்லாம் நம்பாதவன். ஒரு படியைக் குறைத்துச் சொல்வதில் எனக்கு ஒன்றும் போகாது. அவர் உயிராக நம்புகிறவர். அவர் தெருமுனை திரும்பும் வரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.