நூற்றுப்பன்னிரண்டு புள்ளி நான்கின் முற்றுகை

மலைசூழ் தைப்பிங் நகரின் நிலப்பதிவு அலுவலகத்து இரண்டாம் மாடியில் மூன்றாம் மேசைக்கு உரியோன். நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ பேருடல் தாங்கி, அரசாங்க நாற்காலிகள் ஐந்தனை முறித்து வாகை சூடியோன். மின்தூக்கி பழுதான நாளெல்லாம் மருத்துவ விடுப்பு எடுத்தோன். உலகை வென்ற மன்னனின் பெயரைச் சுமந்தும் தன் காலணிக் கயிற்றைத் தானே கட்டியறியாதோன். உஸ்மானின் மைந்தன், நோர்லைலாவின் நாயகன், சுல்கர்னைன் வாழ்க! அவன் கொற்றம் வாழ்க! தைப்பிங் மாமழையே, பிற்பகல் தவறாமல் பொழியும் உன் பணியைச் சற்றே ஒத்திவைத்துச் செவிசாய். நானூறு கிராமுக்காக அவன் ஆற்றிய பெரும்போரை உரைக்கப் புகுந்தேன்.

நாற்பத்தாறு வயதில் அவ்வீரன் தன் வயிற்றை ஈப்போ நகரத்து அறுவை மருத்துவரின் கத்திக்கு ஈந்தான். பானையாய் இருந்த இரைப்பை வாழைப்பழமாய்க் குறுகியது. அதன்பின் நடந்ததை என்னென்று புகல்வேன்! முதல் திங்களில் பன்னிரண்டு கிலோக்கள் புறமுதுகிட்டு ஓடின. மறுதிங்களில் எட்டுக் கிலோக்கள் ஆயுதம் கீழே போட்டுச் சரணடைந்தன. அடுத்தடுத்து ஆறும் ஐந்தும் பாசறையை விட்டு இரவோடிரவாய்க் கலைந்தன. நாள்தோறும் இருவேளை தொடையில் ஏற்றிவந்த இன்சுலின் ஊசியை நிறுத்துமாறு மருத்துவர் ஆணையிட்டார். இடைவாரில் புதுத்துளை இட்டு இட்டு ஆணி மழுங்கியது. அலுவலகத்தார் பழம்படத்தையும் புதுமுகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து வியந்தனர். கதாநாயகனோ கழுத்துப் பக்கம் தளர்ந்த சட்டையை வெண்கொற்றக் குடையென விரித்துக்கொண்டு வலம் வந்தான்.

ஐந்தாம் திங்களின் இறுதியில் எடைப்பொறி நூற்றுப்பன்னிரண்டு புள்ளி நான்கு என்று காட்டியது. மறுநாளும் அதுவே. மறுவாரமும் அதுவே. ஆறு வாரம் முற்றுகையிட்டும் கதவு திறவாத கற்கோட்டை போல் அவ்வெண் அசையாது நின்றது. அசைந்தால் நூறு கிராம் மேலே அசைந்தது.

அவன் வகுத்த வியூகங்கள் பல. முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏறினான். பின்னர் மோதிரத்தைக் கழற்றினான். அப்பால் தாடியை மழித்தான். தலைமுடியை ஒட்ட வெட்டினான். நுரையீரலில் இருந்த காற்றனைத்தையும் ஊதித்தள்ளி நீலம் பாரித்த முகத்தோடு ஒற்றைக்காலில் நின்றான். எதற்கும் மசியாத எண்ணை வஞ்சத்தால் வெல்லத் துணிந்து, எடைப்பொறியைக் குளியலறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்கும் இடம்பெயர்த்து, பாத்திரம் கழுவும் தொட்டியடியில் ஒரு தரையோட்டின்மேல் நூற்றுப்பதினொன்று புள்ளி இரண்டு கண்டான். கண்டதும் வீடதிர முழங்கினான்.

ஓடிவந்த நோர்லைலா தானும் அதில் ஏறிப் பார்த்து, கணவனை வழக்கம்போல் 'அபாங்' என்று அன்பாய் விளித்தாள்.

"அபாங், இங்க தரை சரிவா இருக்கு. நானும்தான் ஒண்ணே கால் கிலோ குறையறேன். மெஷினை ஏமாத்திட்டு யாருக்குக் காட்டப் போறீங்க?"

வெற்றிக்கொடி அக்கணமே இறங்கியது.

தோற்ற வேந்தனைத் தேற்றும் சாக்கில் புண்ணில் உப்பிடும் மாந்தருக்கு எந்நாட்டிலும் பஞ்சமில்லை. பக்கத்து மேசை ஹாஃபிஸ், தேங்காய்ச்சோற்றுப் பொட்டலத்தை விரித்து நறுமணம் பரப்பியவாறே, "அவ்ளோ பெரிய ஆப்பரேஷன் பண்ணியும் நின்னு போச்சா? என் மச்சான் வெறும் வெந்நீர் குடிச்சே பத்து கிலோ குறைச்சான்" என்று திருவாய் மலர்ந்தான். அந்த மச்சானின் உருவத்தைச் சென்ற பெருநாளன்று நேரில் கண்டிருந்த சுல்கர்னைன், கையிலிருந்த கோப்பை அறைந்து மூடினான்.

பின்னொரு நாள் கணவனும் மனைவியும் ஈப்போ சென்று, உணவியல் வல்லுநர் செல்வி தியோவின் சபை அடைந்தனர்.

"என்சிக் சுல், இது தோல்வி இல்ல. உடம்பு கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குது. முக்கால்வாசிப் பேருக்கு நடக்கிறதுதான்" என்று 'என்சிக்' எனும் ஐயா விளியோடு தொடங்கினார் செல்வி தியோ. "ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடறீங்க?"

"மீன். முட்டை. தண்ணி" என்று போர்வாள் உருவினாற்போல் மூன்று சொல்லில் முடித்தான் வீரன்.

நோர்லைலா இருமினாள். "பிஸ்கட்."

"அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

"ஆபீஸ் டிராயர்ல ஒரு டப்பா, கார்ல ஒரு டப்பா. டீயில முக்கி முக்கி. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு."

செல்வி தியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "முக்கின பிஸ்கட் அந்தச் சின்ன வயித்துல வழுக்கிட்டே போயிடும், வயிறு நெறஞ்சதே தெரியாது. அதை விட்டுடுங்க. மீனும் முட்டையும் மொதல்ல. தெனம் வேகமா நடங்க. எடை மாசத்துக்கு ஒரு தடவைதான் பாக்கணும்."

முதல் மூன்று கட்டளைகளையும் பொறுத்தான். நான்காவது அவனுக்கு நாடுகடத்தலாய் ஒலித்தது. அன்று மாலையே நோர்லைலா எடைப்பொறியைத் தன் துணி அலமாரியில் சிறையிட்டுச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

இனிப் போர்க்களம் காண்மின்! கதிரவன் மலைமுகட்டை எட்டிப் பார்க்கும் காலை ஏழு மணிக்கு, சாலையைக் கடந்து கிளைக்கரம் நீட்டி நீர் தொடும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில், ஏரிப்பூங்காவைச் சுற்றிவரப் புறப்பட்டான் சுல்கர்னைன். நூறடி சென்றிருப்பான். பின்னே செருப்பொலி கேட்டது. சிவப்புத் தொப்பி, மடக்கிய குடை, நாற்பத்து மூன்று கிலோவுக்கு மிகாத மேனி, எழுபத்தொரு வயது. முன்னொரு காலத்தில் தையற்கடை நடத்தி ஓய்ந்த கோ சியூ ஹோங் என்னும் அம்மாது, ஈட்டி ஏந்திய குதிரைவீரனெனக் குடையை முன்னீட்டி அவனைக் கடந்தாள். கடக்கையில் ஒரு கணை எய்தாள்.

"என்சிக், நடக்கறியா, நிலத்தை அளக்கறியா?"

அவன் பிழைப்பு நிலப்பதிவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாது எய்த கணையே ஆழத் தைத்தது. கால்மணி நேரம் கழித்து ஏரியை முழுச்சுற்றுச் சுற்றிவந்து இரண்டாம் முறையும் அவனைக் கடந்தாள். "இன்னும் இங்கதானா லா?"

எட்டு நாள் இவ்வாறே தோற்றான். ஒன்பதாம் நாளும் தோற்றுத் திரும்புகையில், செல்வி தியோவின் வாக்கை மறந்து, சந்தையருகே ஒரு மருந்துக்கடை வாசலில் நின்ற எடைப்பொறியில் திருட்டுத்தனமாய் ஏறினான். நூற்றுப்பன்னிரண்டு புள்ளி ஏழு.

வீடு திரும்பி, காலணியைச் சுவரோரம் வீசி, திசையெட்டும் கேட்கப் பறைசாற்றினான்: "இனிமே நடக்க மாட்டேன்! இந்த உடம்பு இவ்வளவுதான்! யாரும் எங்கிட்ட முட்டையைப் பத்திப் பேசக்கூடாது!"

நோர்லைலா சண்டைக்கு வரவில்லை. அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"அபாங், அந்த ஊசியெல்லாம் இன்னும் ஃபிரிட்ஜ் கதவுலதான் இருக்கு. நிறுத்தி நாலஞ்சு மாசமாச்சு, எனக்குத் தூக்கிப்போட தைரியம் வரல. தெனம் சம்பல் எடுக்கும்போது பாத்துட்டு மூடிடுறேன்."

 சுல்கர்னைன் போய்ப் படுத்தான்.

மறுநாள் காலை காலணி அணிந்து புறப்பட்டவன் ஏரிப்பக்கம் திரும்பவில்லை. கால்கள் 'மாமாக்' எனப்படும் முஸ்லிம் தேநீர்க்கடைக்கு இட்டுச்சென்றன. கெட்டிப்பால் தூக்கலாய் ஒரு தே தாரிக், ரொட்டிச் சானாய் இரண்டு என ஆணை பிறந்தது. நுரை பொங்கிய தேநீர் தங்கக் கலசமென வந்து அமர்ந்தது. ஆறு மாதம் காணாத அந்த இன்னமுதை நோக்கி அவன் கரம் நீண்ட அதே வேளை, பையில் கோப்பி கட்டி வாங்க உள்ளே நுழைந்தது சிவப்புத் தொப்பி.

"ஓ, இங்க ஒளிஞ்சிருக்கியா? உன்னைத் தேடித்தேடி கழுத்து வலிக்குது. இன்னிக்கு முந்த ஒரு ஆளும் இல்ல, ஒரே போர் லா!"

"நான் நடக்கறத விட்டுட்டேன் ஆன்டி. ஆப்பரேஷன் பண்ணேன், குறைஞ்சேன், இப்ப ஏழெட்டு வாரமா ஒரு கிராம் இறங்கல."

கோ சியூ ஹோங் அவனை மேலும் கீழும் நோக்கினாள். இரக்கம் சிறிதும் இல்லாத நோக்கு.

"கிராம் எல்லாம் எனக்குத் தெரியாது. முதல் நாள் உன்னை ரெண்டு தடவை முந்தினேன். நேத்திக்கு ரெண்டாவது தடவை முந்த ஓட வேண்டியதாப்போச்சு. ஓடினேன்னு யாருகிட்டயும் சொல்லாத." கோப்பிப் பையை விரலில் மாட்டிக்கொண்டாள். "நாளைக்கு வா. வரலன்னா, நீ பயந்துட்டன்னு ஏரியில எல்லாருகிட்டயும் சொல்லுவேன்."

அவள் போய்விட்டாள். தேநீரின் நுரை அமர்ந்தது. ரொட்டி ஆறியது. எழுபத்தொரு வயதுக் கிழவி தன்னை முந்த ஓடினாள் என்ற செய்தி, வறண்ட நெஞ்சில் முதல் இடியென முழங்கியது. காசை வைத்துவிட்டு எழுந்தான். தேநீர் தொடப்படாமலே நின்றது.

அன்றுதொட்டு அவன் மேற்கொண்ட படைப்பயிற்சியை ஆயிரம் நாவிருந்தும் அளந்துரைத்தல் அரிது. அலுவலகப் பிஸ்கட் டப்பா ஹாஃபிஸின் மேசைக்கு நாடு மாறியது. முட்டையின் வெள்ளைக்கரு முறைதவறாது உள்ளே சென்றது. கொஞ்சங்கொஞ்சமாய் நாள்முழுதும் நீரருந்தினான். இவையாவும் உடல்நலம் கருதிச் செய்தானென்று எண்ணி ஏமாறாதீர். கிழவியை வெல்லும் வெறி ஒன்றே அவனைச் செலுத்தியது. முதலில் ஒருமுறை மட்டுமே தோற்றான். பின்னர் நூறடி பிந்தினான். பின்னர் முப்பதடி.

ஒரு ஞாயிறு காலை தூறல் விழுந்தது. ஏரியின் கடைசி வளைவில் இருவரும் தோளுக்குத் தோள் வந்தனர். கோ சியூ ஹோங் குடையை விரித்தாள். அப்போது புதரினின்று ஆளுயர உடும்பொன்று வெளிப்பட்டு, இருபெரும் படைகளையும் பொருட்படுத்தாத பேரரசனென நடுப்பாதையில் படுத்தது. இருவரும் நின்றனர், அருகருகே நின்று மூச்சிரைத்தனர், ஒருவரையொருவர் பாராது காத்தனர். உடும்பு நாவை இருமுறை நீட்டிவிட்டு நீரில் இறங்கியது. இறங்கியதுதான் தாமதம், பாய்ந்தான் சுல்கர்னைன்! தொடைகள் தீப்பற்ற, முன்னாள் தொப்பையின் தொங்குதோல் போர்முரசென மடமடவென அதிர, தூறலைக் கிழித்து, குடையைப் பின்தள்ளி, எல்லைக்கல்லாய் இருந்த சிமெண்டுப் பலகையை மூன்றடி முந்தித் தொட்டான்.

"குடை காத்துல இழுத்துடுச்சு" என்றாள் கோ சியூ ஹோங். "இது செல்லாது."

"செல்லும் ஆன்டி!"

"செல்லாது லா. உடும்பு உன் சொந்தக்காரன். நாளைக்கு குடையில்லாம வரேன், பாரு."

மாதம் முடிந்தது. எடைநாள் புலர்ந்தது. நோர்லைலா கைப்பையினின்று சாவி எடுத்து, அலமாரி திறந்து, எடைப்பொறியை இருகையால் ஏந்திவந்து, சரிவில்லாத ஓட்டின்மேல் இருத்தினாள். மூக்குக்கண்ணாடி கழன்றது, மோதிரம் கழன்றது, ஊதிய மூச்சில் திரைச்சீலை அசைந்தது. விண்ணவர் குனிந்து நோக்க, மண்ணவர் மூச்சடக்க, பத்து வாரத்து எதிரியின் தலைமேல் தன் வலக்காலையும், அதன்பின் இடக்காலையும் வைத்தேறி நிமிர்ந்தான் வீராதிவீரன்!

கண்ணாடித்திரையில் ஓர் எண்ணும் தோன்றவில்லை.

நோர்லைலா அதைத் தூக்கித் தட்டினாள், கவிழ்த்தாள், மறுபடி தட்டினாள். "பேட்டரி போயிடுச்சு அபாங். கடை எட்டு மணிக்குத்தான் தொறப்பான். இருந்து பாத்துட்டுப் போறீங்களா?"

சுல்கர்னைன் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழாகப் பத்து நிமிடம்.

"ஆன்டி கெளம்பியிருப்பாங்க" என்று குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

அந்த வாரம் பேட்டரி வாங்க இருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.