விதிப்படி நனையாத முதியோர்

அதிகாரி வருகிற நாளன்று குற்றாலம் முதியோர் இல்லத்தில் முதியோர் ஒருவர்கூட இல்லை.

கட்டில்கள் இருந்தன. வெளுத்த விரிப்புகள் இருந்தன. வாசலில் மாக்கோலமும், ஓய்வுபெற்ற தாசில்தாரும் இல்லத்தின் செயலாளருமான பஞ்சாபகேசனும் இருந்தார்கள். ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று யாரோ சொல்ல, மொத்த இல்லமும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிட்டது.

அரசாங்கம் அப்போதுதான் புது விதிகள் போட்டிருந்தது. இல்லத்து முதியோரை நர்ஸ் துணையின்றி நீர்நிலைகளுக்கு அனுப்பக் கூடாது என்பது அதில் ஒன்று. அருவியைக் காலண்டரில் பார்த்தவர்கள் சென்னையில் உட்கார்ந்து எழுதியது. தன் இல்லத்தார் அருவிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று பஞ்சாபகேசனும் மேலிடத்தில் சத்தியம் செய்திருந்தார். இன்று அங்கீகாரம் கிடைக்காவிட்டால் இல்லத்தை மூடவேண்டியதுதான். எல்லோரும் அவரவர் பிள்ளைகளிடமே திரும்ப வேண்டும். அதற்கு அருவியோடு போய்விடலாம் என்பது அவர்கள் கட்சி.

விருந்துச் சமையலை முடித்திருந்த சொரிமுத்துவை அனுப்பி அவர்களைக் கூட்டிவரச் சொன்னார். சொரிமுத்து திரும்பவில்லை. அவரைத் தேடி ஆயா ஆவுடைத்தாய் போனாள். அவள் மட்டும் தலை நனையாமல் வந்தாள்.

"சொரிமுத்து எங்கே?"

"அருவிக்கு அடியில நிக்காரு சார். கூப்பிட்டா காதுல விழல."

"பிருஹதாம்பாள் மாமி?"

"தண்ணி விழுதப்ப எவளாவது கரையேறுவாளான்னு கேக்காங்க."

பஞ்சாபகேசன் ஒரு தாலுகாவையே கட்டி ஆண்டவர். ஆள் இல்லாத இடத்தில் ஆள் காட்டுவது அவருக்குப் புதிதல்ல. "சீசனுக்கு வந்த கிழங்கள் கரையில சும்மா உக்காந்திருக்குமோல்லியோ? வடை பாயசத்தோட சாப்பாடுன்னு சொல்லி அழைச்சிண்டு வா. நன்னா உலர்ந்தவாளா பாரு," என்றார்.

பாயசம் என்றதும் கிழவர்களோடு அவர்கள் மகன்களும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். இளசுகளைக் கொல்லைப்புறம் ஒதுக்கி இலை போட்டார். அதிலேயே அதிகாரிக்கான விருந்து தீர்ந்தது. முதியவர்கள் கையில் ஆளுக்கு ஒரு வடையைக் கொடுத்துக் கட்டிலில் ஏற்றி, எது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லும்படி கெஞ்சினார்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. ஆய்வு அதிகாரி நல்லதம்பி, கஞ்சி போட்ட சட்டையைவிட விறைப்பான மனிதர்.

"எவ்வளவு நாளா இங்க இருக்கீங்க?" என்று முதல் கட்டிலில் கேட்டார்.

"நல்லா இருக்கேன்."

"நீங்க எப்ப வந்தீங்க?" இது அடுத்த கட்டில்.

"காலையில. புளியங்குடி பஸ்ல."

"ஞாபகம் மங்கிடுத்து சார்," என்றார் பஞ்சாபகேசன்.

அதிகாரி உருகிப்போனார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பெற்றவர்களைப் பாரமென்று கொண்டுவந்து தள்ளும் பிள்ளைகளைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றினார். அப்படிப்பட்டவனை முச்சந்தியில் நிறுத்த வேண்டும் என்றார். விதிகளில் அதற்கு இடமில்லாததுதான் அவருக்கு வருத்தம். பஞ்சாபகேசன் தலையாட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி நழுவியது. அங்கீகாரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

கடைசிக் கட்டிலில் ஒருவர் போர்வைக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு வடையை மென்றுகொண்டிருந்தார். நல்லதம்பி குனிந்து, குரலைக் கனிவாக்கிக்கொண்டார்.

"பெரியவரே, உங்களை இங்க கொண்டுவந்து விட்டது யாரு? பயப்படாம சொல்லுங்க."

பெரியவர் திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதாம்லே. அருவியில குளிக்கலாம்ப்பான்னு ராயகிரியிலருந்து ஜீப்புல ஏத்தி, கரையில உக்கார வச்சிட்டுப் போனப்பவே எனக்குச் சந்தேகந்தான். சரி, நீ கெளம்பு, உன் பொண்டாட்டி போடுத சோத்துக்கு இது எவ்வளவோ தேவலை."