அசல் பச்சை

"இதுவா ராணுவ வண்டி? எதிரி பார்த்தா பாவப்பட்டு, சுடாமலே விட்டுடுவான்!"

ஷெட்டில் நின்ற லாரியைச் சுற்றி வந்து டைரக்டர் பெயிண்டரைப் பார்த்துக் கத்தினார். இத்தனைக்கும் அவன் இன்னும் அந்த லாரியைத் தொடவேயில்லை. "லாரி ஷெட்டுக்கு வந்துடும், அசல் ராணுவ வண்டியா மாத்திடு" என்று மேனேஜர் போனில் சொல்லியிருந்தார். வந்து பார்த்தால், யாரோ ஏற்கெனவே ஒரு மங்கல் பச்சையை அடித்து, பம்பரில் பொடி எழுத்தில் ஏதோ எண்ணும் எழுதியிருந்தார்கள்.

"இது நான் அடிச்சது இல்ல சார். எந்தக் கத்துக்குட்டியோ கை வச்சிருக்கான்."

"எவன் வச்சா எனக்கென்ன? நாளைக்கு ஷூட்டிங். அசலா இல்லேன்னா டைட்டில்ல உன் பேர் வராது. அடுத்த படத்துல நீயே வரமாட்டே."

கடைப் பலகை எழுதிப் பிழைத்த பெயிண்டருக்கு இதுதான் முதல் படம். திரையில் அவன் பெயர் வரப்போவதை மனைவி சொந்தபந்தம் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனாரைக்கூட விட்டுவைக்கவில்லை.

பழைய பெயிண்டை ஈவிரக்கமில்லாமல் சுரண்டித் தள்ளிவிட்டு, கடையில் இருந்ததிலேயே விலை கூடிய பச்சையை அடித்தான்.

"கிளி மாதிரி இருக்கு" என்றார் டைரக்டர்.

கறுப்பும் காவியும் கலந்து மறுபடி அடித்தான்.

"இப்ப குப்பை லாரி."

எப்படியோ இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைப் பிடித்தான். கேமராமேன் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "என்னப்பா, கதவுல என் மூஞ்சி தெரியுது. ஷேவ் பண்ணலாம் போல இருக்கே!" என்றார். பளபளப்பைக் கொல்ல பெயிண்டர் சாக்பவுடரைக் கலந்து அடித்தான். பளபளப்பு செத்தது. ஆனால் ஒத்திகைக்கு வந்த ஹீரோ ஸ்டைலாகச் சாய்ந்து நின்றுவிட்டு நிமிர்ந்தபோது, பாதி லாரி அவர் முதுகோடு போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, பேரு தனியா வருமா, கும்பலோட வருமா?"

"முதல்ல நான் வீட்டுக்கு வர்றேனான்னு பாரு!"

ஹீரோவின் முதுகைத் துடைத்துவிட்டு, லாரிக்கு இன்னொரு கோட் அடித்து முடித்தான். பெயிண்ட் காய்ந்ததும் எழுத்து வேலை.

"நம்பரைப் பெருசாப் போடு. கடைசி வரிசையில உட்கார்ந்திருக்கிறவனுக்கும் தெரியணும்" என்றார் டைரக்டர்.

போட்டான். கதவில் ஒரு நட்சத்திரம் கேட்டார். வரைந்ததும், நட்சத்திரம் தனியாக நிற்கிறதே என்றார். அதற்குத் துணையாக வாய் பிளந்த புலியொன்று வந்தது. பலகைக்காரன் கையல்லவா, புலி மீசையோடு பிரமாதமாக அமைந்தது.

மறுநாள் ஷூட்டிங்குக்கு முன்னால் டைரக்டர் லாரியைப் பார்த்தார். ஓடி வந்து பெயிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இதுதான்யா ராணுவம்! நேத்து நின்னுச்சே, அதெல்லாம் ஒரு வண்டியா? உன் பேரைத் தனியாவே போடுறேன்."

பெயிண்டருக்குக் கண் கலங்கிவிட்டது. மூலைக்கு ஓடிப் போய் மனைவிக்குப் போன் போட்டான்.

"வருதுடி! தனியா வருது!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், எதிரே ராணுவ உடுப்பில் ஒருவர் நின்றிருந்தார். பெயிண்டர் அவரை மேலும் கீழும் பார்த்தான். உடுப்பில் விறைப்பே இல்லை, சாயமும் போயிருந்தது.

"துணை நடிகர்களெல்லாம் அந்தப் பக்கம்ங்க. உடுப்பை மாத்திக் குடுக்கச் சொல்லுங்க, இது நம்புற மாதிரியே இல்ல."

"நான் நடிக்க வரலீங்க. ராணுவத்துலயே டிரைவர்" என்ற அவர், லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். புலியின் மீசையைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார், சினிமா வண்டின்னு பார்த்ததும் தெரியுது. கலர் பார்த்துக்கறதுக்காக நேத்து நான் இங்க விட்டுட்டுப் போன எங்க வண்டியை எங்க நிறுத்தியிருக்கீங்க?"