ஐந்து வேட்டியும் ஒரு பிரசவமும்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் திருடியிருக்கிறேன். திருடியது என் அப்பாவின் வேட்டியை. அப்போது எனக்கு இருபத்தொரு வயது, வயிற்றில் ஒன்பது மாதம். நிறைமாதக்காரி திருடுவாள் என்று யாருக்காவது தோன்றுமா? அதனால் பழி போய் பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

முதல் பிரசவம் தாய் வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு, உத்திரமேரூருக்கு ஏழு மைல் தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு என்னை அழைத்து வந்துவிட்டார்கள். சாப்பிடுவதும் தூங்குவதும்தான் வேலை. அப்படிச் சும்மா கிடந்த நேரத்தில் ஒரு வாரப் பத்திரிகை கைக்குக் கிடைத்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள் எட்டாம் மாதமே ஒரு பையில் என்னென்ன எடுத்து வைக்க வேண்டும் என்று அதில் ஒரு பட்டியல். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள் இல்லையா நான்! (கணக்கில் முப்பத்தாறு. அது இங்கே வேண்டாம்.) பெருமையோடு பட்டியலை அம்மாவிடம் நீட்டினேன்.

"அடி பாவி! புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே மூட்ட கட்டறாளாம் மூட்ட. அப்பிடி சேத்து வெச்சா ஆவாதுடி. வலி வந்தா எடுத்துக்கலாம், மூடி வை" என்றாள் அம்மா.

"அந்தப் பட்டியல எய்தினவன் இன்னா, புள்ள பெத்தவனா?" என்றாள் அத்தை. (அத்தை என்றால் நைனாவின் அக்கா, எங்களோடு இருந்தவள். நைனா என்றால் அப்பா. அத்தைக்கு ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. வாயில் ஒரு குறையும் கிடையாது.)

சரி என்று தலையாட்டிவிட்டு, அன்றைக்கே ரகசியமாகப் பை கட்ட ஆரம்பித்தேன். சோப்பு, டம்ளர், பிளாஸ்க்கெல்லாம் அன்றாடம் புழங்குகிறவை. எடுத்தால் மாட்டிக்கொள்வோம், கடைசி நாளில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். முக்கியமானது குழந்தைத் துணி. பேர் வைக்கிற வரைக்கும் குழந்தைக்குப் புதுத்துணி போடும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். எங்கள் வீட்டில் வேட்டி கட்டுகிறவர் நைனா ஒருவர்தான். அவரிடம் மொத்தம் ஏழு வேட்டி. அதில் இரண்டை உருவி, துண்டு துண்டாகக் கிழித்து, ஒயர் கூடையில் அடுக்கி, நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து நைனா கூரை பறக்கக் கத்தினார்.

"இன்னா அக்கிரமம் இது! அஞ்சு வேட்டி! அஞ்சு வேட்டிய காணம்!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பயத்தில் இல்லை, ஆச்சரியத்தில். நான் எடுத்தது இரண்டு, போனது ஐந்து. அப்படியானால் மீதி மூன்றை எவனோ நிஜமாகவே அடித்துக்கொண்டு போயிருக்கிறான்! எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று, என் இரண்டையும் அந்த முகம் தெரியாத திருடன் கணக்கில் எழுதிவிட்டு, அம்மாவைவிடச் சத்தமாக நானும் "அநியாயம்! அநியாயம்!" என்றேன். அத்தை எங்கள் இருவரையும்விடச் சத்தமாகத் திருடனைச் சபித்தாள்.

நைனா திருடனைத் தேடிப் புறப்பட்டார். ரொம்ப தூரம் போகவில்லை. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் மாமா வீடு. சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் சேக்காளிகள், ஒரே மதகில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். அந்த வேலியில் ஒரு வேட்டி காய்ந்துகொண்டிருந்தது.

"முனிரத்தினம்! அது எவன் வேட்டி?"

"என் வேலியில என் வேட்டிதான் காயும். பின்ன உன்னுதா காயும்?"

சலவைக்குப் போடும்போது மாறிவிடாமலிருக்க ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் ஓரத்தில் கறுப்பு மையில் ஒரு குறி இருக்கும். எங்களுக்கு இரண்டு புள்ளி, அவர்களுக்குக் கூட்டல் குறி. தெருவே கூடிப் பார்த்தது. வேலியில் காய்ந்ததில் பளிச்சென்று கூட்டல் குறி. அதோடு நைனா வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன?

"குறிய மாத்திக்கினான் திருட்டுப் பையன்!" என்றார்.

முனிரத்தினம் மாமா முகம் செத்துப்போய்விட்டது. வேட்டியை எடுத்து மடித்துக்கொண்டு உள்ளே போனார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அவருடைய அந்த முகம் பத்து நாளாக என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. (மூன்று வேட்டி திருடியவன் அவராகவே இருந்தால்? எப்படிப்பட்ட புத்தி பாருங்கள்!)

பத்தாம் நாள், காலைப் பலகாரம் முடிந்த நேரம். வலி வந்துவிட்டது. ஒன்பது மணி பஸ் போயாகிவிட்டது, அடுத்தது ஒரு மணிக்கு. நைனாவோ இடுப்பில் ஒரு துண்டோடு நின்றுகொண்டிருந்தார். மிச்சமிருந்த இரண்டு வேட்டியில் ஒன்று சலவையில், மற்றது ஈரமாகக் கொடியில்.

"முனிரத்தினம் அண்ணங்கிட்ட டிராக்டர் கீது. ஓடிப் போய் கூப்புடுய்யா!" என்றாள் அம்மா.

"அந்தத் திருடன் வண்டியில என் பொண்ணு ஏற மாட்டா. நான் மாட்ட பூட்டறேன்."

"உன் மாடு போய் சேர்றதுக்குள்ள புள்ள எய்ந்து நடக்கும்!"

நைனா பிடிவாதமாக மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பினார். எனக்கு அடுத்த வலி வந்தது. பெருமையும் போயிற்று, பயமும் போயிற்று. தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"நைனா! வேட்டிய நான்தான் எடுத்தேன்! மாமா எடுக்கல! ரெண்டு நான் எடுத்தேன்! பை கட்டினேன்!"

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயுமாடி?" என்றாள்.

அம்மா பரண்மேலிருந்து ஒரு மஞ்சப்பையை இறக்கினாள். அதில் இரண்டு வேட்டி, பதமாகக் கிழித்து மடித்தபடி. அதைப் பார்த்த அத்தை, முணுமுணுத்துக்கொண்டே போய் தன் தலையணையை எடுத்துவந்தாள். அவள் அத்தனை நாளும் தலைவைத்துப் படுத்தது பஞ்சின்மேல் இல்லை. உறைக்குள் இரண்டு வேட்டி. எனக்குக் கூடாது என்று தடுத்தவர்களும் ஆளுக்கொரு பை கட்டியிருக்கிறார்கள்! மூன்று பேரும் அவரவர் இரண்டை எடுத்துவிட்டு, மிச்சத்துக்குத் திருடனைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நைனா அந்த நிலைமையிலும் விரலை மடக்கினார். "ரெண்டு, ரெண்டு, ரெண்டு. ஆறு வருதே. போனது அஞ்சுதானே?"

"யோவ், பொண்ணு துடிக்கிறாய்யா!" என்று அம்மா அலறினாள்.

நைனா துண்டோடு வேலியோரம் ஓடினார். அதற்குள் அந்தப் பக்கம் டிராக்டர் புகை கக்கிக்கொண்டு நின்றது. என் முதல் அலறலுக்கே முனிரத்தினம் மாமா வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார்.

"சண்டய அப்பறமா பாத்துக்கலாம் ஏகாம்பரம். மொதல்ல கொயந்தய ஏத்து" என்றவர், நைனாவை மேலும் கீழும் பார்த்தார். வீட்டுக்குள் போய் ஒரு வேட்டியைக் கொண்டுவந்து அவர்மேல் போட்டார். "இத கட்டிக்கினு வா. இந்தக் கோலத்துல வந்தா டவுன்ல சிரிப்பாங்க."

டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி என்னைப் படுக்கவைத்தார்கள். ஏரிக்கரையில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். சாமிகள் தீர்ந்த இடத்தில் உத்திரமேரூர் வந்தது.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா கேட்டார், "மாத்துப் புடவை எங்கம்மா? சோப்பு? வெந்நீருக்குச் சொம்பு?" மூன்று பேரும் கம்பீரமாகப் பைகளைத் திறந்தோம். முதல் பையில் வேட்டித் துணி. இரண்டாவதில் வேட்டித் துணி. தலையணை உறையில் வேட்டித் துணி.

"பொறக்கப்போறது ஒரு கொயந்தயா, ஒரு பள்ளிக்கூடமா?" என்றார் நர்சம்மா.

பத்திரிகைப் பட்டியலை நெட்டுருப் போட்டிருந்த நான், உடுத்தியிருந்த ஒரே புடவையோடு உள்ளே போனேன். அம்மா எதிர்க்கடைக்கு ஓடினாள். சோப்பு வந்து சேர்வதற்குள் என் மகள் வந்துவிட்டாள். கறுகறுவென்று முடி, கீச்சென்று அழுகை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

நர்சம்மா குழந்தையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுபோய் நைனாவிடம் நீட்டினார். நைனா இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்தில் நின்ற முனிரத்தினம் மாமா குனிந்து பார்த்தார். பார்த்தவர் குழந்தையின் காலடியில் தொங்கிய துணி ஓரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கூட்டல் குறி.

"ஏகாம்பரம், இது எங்க வூட்டுக் குறியாச்சேப்பா."

எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். "வேலியில காஞ்சிக்கினு இருந்துச்சு. நம்மளுதுன்னு நெனச்சிக்கினேன்" என்றாள் அத்தை, பூ விழுந்த கண்ணைக் கசக்கியபடி. ஆறாவது வேட்டிக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. தெருவில் நடந்தது உண்மையிலேயே ஒரே ஒரு திருட்டுதான். திருடர்கள் நாங்கள், பறிகொடுத்தவர் அவர்.

முனிரத்தினம் மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தாத்தா இடுப்பிலும் அவர் வேட்டி, பேத்தி உடம்பிலும் அவர் வேட்டி. நைனா குழந்தையை அப்படியே அவர் மடியில் வைத்துவிட்டார்.

இப்போது என் மகள் காலேஜில் படிக்கிறாள். முனிரத்தினம் மாமா வீட்டில் எது காணாமல் போனாலும், குடையோ, மண்வெட்டியோ, முட்டையிடும் கோழியோ, நேராக எங்கள் வாசலில் வந்து நிற்பார். "ஏகாம்பரம், உங்க வூட்டுப் பொம்பளைங்க பைய கொஞ்சம் தொறந்து காட்டு" என்பார். போன பொங்கலுக்கு அவர் தேடி வந்தது பல்செட். (அது அவர் வாயிலேயே இருந்தது.)

நைனா அவரிடம் ஒரு நாளும் "தப்புதான், மன்னிச்சுக்கோ" என்று சொன்னதில்லை. அவர் வாய்க்கு அது வராது. ஆனால் மாமா வந்து கேட்கும்போதெல்லாம், இந்த வயதிலும் எழுந்து உள்ளே போவார். வீட்டில் இருக்கும் அத்தனை பையையும் கொண்டுவந்து, என் கைப்பை உட்பட, அவர் காலடியில் ஒவ்வொன்றாகக் கொட்டிக் காட்டுவார். மாமா குனிந்து, நிதானமாக எல்லாவற்றையும் பார்ப்பார்.

"ம். இன்னிக்கு இல்ல" என்பார். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்பார்கள்.