கான் மூடியில் என் பெயர்

எங்கள் ஒழுங்கைக்கு, இந்த ஒடுங்கின தெருவுக்கு, என் பெயர் வைக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முப்பத்திரண்டு வருசம் கந்தோரில் கிளாக்காகக் கிடந்தும் அங்கே ஒரு வாங்குப் பலகையில்கூட என் பெயர் எழுதப்படவில்லை. ஆகவே மன்னார்ப் பட்டினத்தில் நகரசபையார் எங்கள் ஒழுங்கைக்குப் புதுக் கழிவுநீர்க் கான் வெட்டி, கொங்கிறீற் மூடி போட்டு, வீட்டுக்கு வீடு குழாய் இணைத்துத் தந்த அன்றே ‘கான் பாதுகாப்புக் குழு’ ஒன்றைத் தொடங்கி நானே தலைவரானேன். போட்டியே இல்லை. கூட்டத்துக்கு வேறு ஒருவரும் வரவுமில்லை.

தலைவர் என்றால் சட்டம் வேண்டாமா? கானுக்குள் எவை விடப்படாது என்று அதிகாரிகள் தந்த தாளை வைத்து எட்டு விதி எழுதினேன். எண்ணெய் ஊற்றப்படாது. மீன் செதில், நண்டுக் கோது போடப்படாது. கொதிதண்ணி, சீமெந்துக் கரைசல் கிட்டவும் வரப்படாது. குசினிக் குழாய் வாயில் வலைத்துண்டு கட்டவேண்டும். குளியலறைக் குழாய்க்கு அது தேவையில்லை. அங்கே சோறும் கறியும் போவதில்லையே! எட்டாவது விதியை எழுதும்போது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. கான் அடைபடக் காரணமானவரின் பெயர் ஒரு மாதத்துக்குக் கான் மூடியில் மஞ்சள் பெயின்ற்றால் எழுதப்படும்.

என் மனைவி மங்கையற்கரசி தேத்தண்ணியை வைத்துவிட்டுத் தாளை எட்டிப் பார்த்தாள்.

“ஒன்பதாவதா ஒண்டு போடுங்கோவன்.”

“என்னெண்டு?”

“அடைச்ச ஆள், அந்த மாசம் முழுக்க, அடைச்ச சாமானைத் தன்ர வீட்டு வளவுக்குள்ளயே அகற்றோணும். குழு உறுப்பினர் ஒராள் பக்கத்தில நிண்டு பாக்கோணும்.”

எனக்குப் புல்லரித்தது. இந்த மூளையையா இவ்வளவு காலமும் குசினிக்குள் விட்டுவைத்தேன்! ஒன்பதாம் விதியைச் சேர்த்தேன். அவளைக் குழு உறுப்பினராகவும் சேர்த்தேன். ஒரு பிரதியைக் குசினிச் சுவரில் ஒட்டினேன். அன்று தொடக்கம் வீட்டில் சட்டத்தின் ஆட்சி.

“மங்கை, சுறா அவிச்ச தண்ணியை எங்க ஊத்தினனீர்?”

“வாழைக்கு.”

“ஆறவிட்டே ஊத்தினனீர்?”

“ஓமப்பா. வாழை ஒண்டும் சொல்லேல்ல. நீங்கள்தான் கத்துறீங்கள்.”

இனி ஓர் உண்மை சொல்லப்போகிறேன். உங்களோடு இருக்கட்டும். எனக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. அதற்காக மங்கை நாள் தவறாமல் காலையில் குறிஞ்சா இலைக் கஞ்சி காய்ச்சுவாள். அரிசி, பாப்பாமோட்டையில் அவளின் தமையனுடைய வயலில் விளைந்த சிவப்பரிசி. கஞ்சியோ கைப்பென்றால் அப்படி ஒரு கைப்பு! ஒரு மிடறு உள்ளே போனால் கலியாண வீட்டில் தின்ற லட்டுவரைக்கும் மறந்துபோகும்.

கான் வருவதற்கு முன் நான் அதை வேலிக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பார்த்தால் ஐந்து கழுதைகள் வாசல் படலையில் வரிசையாக நிற்கின்றன. மன்னாரில் கழுதைக்கு என்ன குறை? ஆனால் ஆறரை என்றால் ஆறரைக்கு வந்து நிற்கிற சீவனை நான் கந்தோரில்கூடக் கண்டதில்லை.

“இதுகள் ஏனப்பா எங்கட படலையை விட்டுப் போகுதில்லை?”

“உம்மட சொந்தக்காரர் ஆக்கும்.”

“ஓம். கலியாணத்தால வந்த சொந்தம்.”

பயந்துபோய் இடத்தை மாற்றினேன். “குளிச்சுக்கொண்டே குடிக்கிறன்” என்று கோப்பையோடு குளியலறைக்குள் போவேன். கஞ்சி குழாய்க்குள். பின்னாலேயே இரண்டு வாளி தண்ணி. புதுக் கான் வந்த பிறகும் அதே ஒழுங்குதான். விதி எழுதின கை வேறு, கஞ்சி ஊற்றின கை வேறு.

போன வெள்ளிக்கிழமை காலை கான் அடைத்தது.

எதிர்வீட்டு றஞ்சிதத்தின் படலையடியில் கறுப்புத் தண்ணி எழும்பி நின்றது. நாற்றமென்றால் மூக்கைக் கழற்றி வைக்கவேண்டும் போலிருந்தது. றஞ்சிதம் ஓடிவந்தாள்.

“அண்ணை, நீங்கள்தானே தலைவர்? பின்னேரம் என்ர பிள்ளையைப் பொம்பிளை பாக்க வருகினம். இந்த நாத்தத்துக்குள்ள வந்து இருந்திட்டு ஆர் ஓமெண்டு சொல்லப்போகினம்?”

அவளுக்குக் கண் கலங்கியது. எனக்குக் கஞ்சி ஞாபகம் வந்தது.

“சுகாதாரப் பகுதிப் பி.எச்.ஐ. தம்பிக்குப் போன் அடிச்சிட்டன் அண்ணை. பத்து மணிக்கு வந்து மூடியைத் திறக்கிறாராம்.”

மூடியைத் திறந்தால் சிவப்பரிசி. ஒழுங்கையில் மற்ற எல்லாருக்கும் கடையில் வாங்கும் வெள்ளைச் சம்பா. சிவப்பரிசி என்றால் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் மஞ்சள் பெயின்ற். அந்தப் பெயின்ற் பேணியையும் நானே வாங்கி, என் கட்டிலுக்குக் கீழேயே வைத்திருக்கிறேன்.

ஒன்பதே முக்காலுக்கு மூளை வேலை செய்தது. குசினிக் குழாயில் வலை இல்லையென்றால் பிழை குசினிக்குத்தானே? பூனைபோலக் குசினிக்குப் பின்னால் போய்க் குந்தினேன். நான் கட்டின வலை, சப்பாத்துக் கயிறு மாதிரி ஓர் இழுவையில் அவிழும். இழுத்தேன். அவிழவில்லை. பார்த்தால் அது என் முடிச்சே இல்லை. நகத்தால் கிண்டினேன். நகம் போனது. பல்லால் கடித்தேன். பல் ஆடியது. ஒழுங்கைமுனையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. வேர்வை கண்ணுக்குள் ஓடியது.

“என்னப்பா தேடுறீங்கள்?”

பின்னால் மங்கை.

“வலையைப்... பரிசோதிக்கிறன்.”

“இறுக்கமோ?”

“ஓம்... நல்ல இறுக்கம்.”

“றஞ்சிதத்தின்ர மனுசன் கட்டினவர். ஓலைத்தொடுவாய் மீன்காரர் போடுற கடல்முடிச்சு. சுறா பட்டாலும் அவிழாதாம். எழும்புங்கோ, தம்பி வந்திட்டார்.”

சுகாதாரப் பரிசோதகர் கபிலன் சின்ன வயசு. சிரிக்காத முகம். கையில் நான் எழுதின விதிப்பட்டியல். ஒழுங்கையே கூடி நின்றது. மூடியைப் புரட்டி, தடியை விட்டுக் கிண்டி எடுத்தார். தடி முனையில் களி மாதிரி ஒரு கட்டி.

“சோறு,” என்றார். பிறகு கிட்டப் பார்த்தார். “சிவப்பரிசி. இஞ்ச ஆர் சிவப்பரிசி பாவிக்கிறது?”

 ஒழுங்கை முழுவதும் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது.  இப்போது சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்? வாய் முந்திக்கொண்டது.

“தம்பி, சட்டம் எல்லாருக்கும் ஒண்டு. என்ர மனுசி எண்டு நான் பாக்கமாட்டன். மங்கையற்கரசி எண்டு எழுதுங்கோ.”

சொல்லி முடிக்கமுன்னமே வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருசம் சோறு போட்டவள். ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரிதாக நின்றது.

மங்கை கோபிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆகப் பயமாக இருந்தது.

“எழுதுங்கோ தம்பி. அதுக்கு முதல் என்ர குசினிக் குழாயை ஒருக்காப் பாருங்கோ.”

பார்த்தார். முடிச்சை இழுத்தார். அவிழவில்லை. மங்கை ஒரு பிடி சோற்றைக் கரைத்து ஊற்றினாள். தண்ணி போனது. ஒரு பருக்கைகூடப் போகவில்லை.

“இந்தக் குழாயால வரேல்ல,” என்றார் கபிலன். “வேற குழாய் இருக்கே?”

“குளியலறைக் குழாய் இருக்கு. அதுக்கு வலை தேவையில்லை எண்டு தலைவர் எழுதியிருக்கிறார்.”

“குளியலறைக்குள்ள ஆர் கஞ்சி கொண்டுபோறது?”

நான் கான் மூடியைப் பார்த்தேன். நல்ல அகலமான மூடி. பாலசிங்கம் என்ற என் பெயர் வசதியாக அடங்கும்.

“அண்ணைதான்!” என்றாள் றஞ்சிதம், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. “ஒவ்வொரு நாளும் துவாயும் கோப்பையுமாப் போறவர். எங்கட மதிலுக்கு மேலால கண்டனான்.”

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மங்கை மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து மெதுவாகச் சொன்னாள்:

“போன மாசம் கிளினிக்கில உங்கட சீனியைப் பாத்திட்டு டொக்டர் என்ன சொன்னவர்? கால்விரலைக் கவனிக்கச் சொன்னவர். அண்டைக்கு முழுக்க நான் அழுதனான். கஞ்சி குடிக்கிற மனுசனுக்கு ஏன் ஏறுது எண்டு யோசிச்சன். பிறகு கழுதையளைப் பாத்தன். ஒண்டொண்டும் என்ன வடிவாக் கொழுத்திருந்துதுகள்!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கழுதைகள் வந்தது கானுக்கு முன்னம். ஒன்பதாம் விதியை அவள் சொன்னது அதற்குப் பிறகு.

கான் அரை மணித்தியாலத்தில் இளகியது. றஞ்சிதம் படலையடியைக் கழுவி மஞ்சள்தண்ணி தெளித்தாள். பின்னேரம் வந்த மாப்பிள்ளை வீட்டார் ஓமென்று சொல்லிவிட்டார்களாம். போகும்போது மூடியில் புது மஞ்சள் எழுத்தில் இருந்த என் பெயரை வாசித்து, “இவர் இந்த ஒழுங்கையில பெரிய ஆளோ?” என்று கேட்டுவிட்டுப் போனார்களாம்.

அதெல்லாம் பின்னேரக் கதை. காலையில், பெயின்ற் அடித்து முடித்த கபிலன் தாளைத் திருப்பினார்.

“ஐயா, ஒன்பதாம் விதியும் இருக்கு. அடைச்ச சாமானை ஒரு மாசத்துக்கு உங்கட வளவுக்குள்ளயே அகற்றோணும். பாக்கிறதுக்குக் குழு உறுப்பினர் ஆர்?”

“நான்தான் தம்பி,” என்றாள் மங்கை. குசினிக்குள் போனவள் ஆவி பறக்கிற கஞ்சிக் கோப்பையோடு திரும்பி வந்தாள். பெரிய கோப்பை. என்னைக் கதிரையில் இருத்தி, கோப்பையைக் கையில் தந்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ம்... அகற்றுங்கோ.”

அகற்றினேன்.